துரை விட்டுப்போன ரிவால்வர்: நியாய விலை எங்கே உருவாகிறது?

தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். நீலகிரியில் பல வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கும் பழைய ரிவால்வர் வெளியே வருவது அப்போதுதான். எஸ்டேட் கைமாறியபோது துரை விட்டுப்போனது, வெலிங்டன் ராணுவ முகாமில் இருந்து ஓய்வு பெற்ற அதிகாரியிடம் அப்பா வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி இருக்கும். கைபேசியில் அதன் பெயரைத் தேடினால் லண்டன் ஏலத்திலோ அமெரிக்க ஏலத்திலோ போன தொகை வருகிறது. அதை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு, அதுதான் விலை என்று வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள். கோயம்புத்தூரில் துப்பாக்கிக் கடைக்காரரோ பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வரான அந்த வெப்லியைத் தொட மறுக்கிறார். அதே வீட்டில் இருக்கும், எந்தச் சரித்திரமும் இல்லாத .32 ரிவால்வருக்கு மட்டும் பெரிய தொகை கேட்கலாம் என்கிறார்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. பழைய ரிவால்வருக்கு இங்கே ஒரு விலை இல்லை, மூன்று விலைகள் இருக்கின்றன: சேகரிப்பவர் தரும் மதிப்பு, சட்டம் தரும் மதிப்பு, சுடும் கருவியாக அதற்குள்ள மதிப்பு. வெளிநாட்டு ஏலத்தில் முதலாவது முன்னால் நிற்கும். இந்தியாவில் இரண்டாவது முன்னால் நிற்கிறது. இந்த மூன்றையும் பிரிக்காமல் பேரம் பேசுபவர் அதிகம் கொடுப்பார், இல்லையென்றால் வாங்கவே கூடாததை வாங்கிவிடுவார்.

முதலில் சில சொற்கள்

ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் சிலிண்டரில் இருக்கும். பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு அறைகள். பழையவற்றை இரண்டு அமைப்புகளாகப் பிரிக்கலாம். மேலே உள்ள கொக்கியை விடுவித்தால் பேரல் (குண்டு வெளியேறும் குழல்) முன்பக்கமாக மடிந்து திறப்பது ஒன்று; வெப்லியும் என்ஃபீல்டும் இந்த வகை. சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வருவது இன்னொன்று. 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்கத் தயாரிப்புகளான கோல்ட், ஸ்மித் அன்ட் வெஸ்ஸன் ரிவால்வர்கள் பெரும்பாலும் இப்படித்தான்.

'போர்' என்பது பேரலின் உள்ளளவு, அதற்கான தோட்டாவையும் அந்த அளவாலேயே சொல்வார்கள். .32, .38, .455 எல்லாம் அங்குலக் கணக்கு. இந்த எண் ஒரு பெயர் மட்டுமே. '.32' என்ற ஒரே எண்ணின் கீழ் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல தோட்டாக்கள் உண்டு. அது விலையை எப்படி அடிக்கிறது என்பதைக் கீழே பார்ப்போம்.

'தடை செய்யப்பட்ட போர்', 'தடை செய்யப்படாத போர்' என்பவை சட்டச் சொற்கள். கடைகளில் பி.பி., என்.பி.பி. என்பார்கள். இந்தியாவில் ஒரு ரிவால்வரின் விலையை வேறு எதையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது இந்தப் பிரிவுதான்.

சட்டம் எப்படி விலையாகிறது

1. ஆயுத விதிகளின்படி .380 அல்லது .455 விளிம்புத் தோட்டாவை ஏற்றிச் சுடக்கூடிய எந்த ரிவால்வரும் தடை செய்யப்பட்ட போர் வகைதான். 1887 முதல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற ரிவால்வர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு அளவில்தான் இருந்தன. 1887 தொடங்கி 1915 வரை வந்த வெப்லி மார்க் 1 முதல் மார்க் 6 வரை .455. 1932இல் ஏற்கப்பட்ட என்ஃபீல்டு எண் 2, அதே எண்ணில் வந்த வேறு மாதிரியான வெப்லி மார்க் 4 (.38), இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தந்த ஸ்மித் அன்ட் வெஸ்ஸன் 'விக்டரி' ஆகியவை .380. துரைமார் பங்களாக்களிலும் ராணுவக் குடும்பங்களிலும் தங்கிப்போனவற்றில் இவையே அதிகம்.

2. தடை செய்யப்பட்ட போருக்கு உரிமம் தருவது மத்திய உள்துறை அமைச்சகம். உதகையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் தருவது மற்ற வகைக்கு. சாதாரண ஆள் ஆசைப்பட்டு பி.பி. உரிமம் வாங்கிவிட முடியாது. ஆகவே .455 வெப்லியை விற்பவர் பலர் இருந்தாலும் சட்டப்படி வாங்கக்கூடியவர் ஏறக்குறைய இல்லை. வாங்க ஆள் இல்லாத பொருளுக்கு ஏல விலையைச் சொல்லிப் பயனில்லை.

3. .32 நிலைமை நேர்மாறு. 1980களின் நடுவில் இருந்து தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்ய வழியில்லை. பெயர் பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே நாட்டுக்குள் முன்பே இருக்கும் வெளிநாட்டு .32 ரிவால்வர்களே உரிமம் உள்ளவர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கின்றன. எண்ணிக்கை கூட வழியில்லை, கேட்பவர்கள் குறையவில்லை. அமெரிக்காவில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு ஸ்மித் அன்ட் வெஸ்ஸன் .32 இங்கே அதன் ஊர் விலையைப் போல் பல மடங்கு போவதற்கு இதுதான் காரணம்.

4. 2019ஆம் ஆண்டு திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வந்தவையும் அந்த இரண்டுக்குள் அடக்கம். உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தானது. இரட்டைக்குழல் ஒன்று, ரைஃபிள் ஒன்று, ரிவால்வர் ஒன்று என்று வைத்திருந்த தோட்டக்காரர்கள் ஒன்றை விட்டாக வேண்டியதாயிற்று. அப்படி நெருக்கடியில் வரும் துப்பாக்கியின் விலையைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

5. ஆவணம் இல்லாத ரிவால்வரின் விலை பூஜ்யம். 'பேப்பர் இல்லை, அதனால் சல்லிசாகத் தருகிறேன்' என்று வருவது தள்ளுபடி அல்ல, வழக்கு. உரிமமில்லாமல் தடை செய்யப்பட்ட போர் துப்பாக்கி வைத்திருந்தால் 2019க்குப் பிறகு 7 ஆண்டு முதல் 14 ஆண்டு வரை சிறை.

குழப்பத்தைக் கூட்டிய இன்னொன்று 2020 பிப்ரவரியில் வந்த மாற்றம். 'கியூரியோ' (அரும்பொருள்) வகையில் வரும் சிறு ஆயுதங்களை வாங்கவும் வைத்திருக்கவும் இந்தியக் குடிமக்களுக்கு உரிமம் தேவையில்லை, எடுத்துச் செல்லவும் பயன்படுத்தவும் தேவை என்று உள்துறை அமைச்சகம் அறிவித்தது. 'பழைய துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம்' என்று அது வாட்ஸ்அப்பில் சுருங்கிவிட்டது. பழையது என்பதாலேயே ஒரு ரிவால்வர் அந்த வகைக்குள் வந்துவிடாது. அரிதானது, வரலாற்றுத் தொடர்புடையது போன்ற தகுதிகள் வேண்டும். விற்பவர் தானாகச் சொல்லிக்கொள்வது தகுதி ஆகாது. ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு தரும் விலக்கும் அப்படித்தான்: பழங்கால மதிப்புள்ளதாக இருந்தாலும், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாததாக இருக்க வேண்டும். சுடக்கூடிய வெப்லியைக் கையில் வைத்துக்கொண்டு இவற்றில் ஒன்றைக் காட்டி யாராவது விலை சொன்னால், உரிம அதிகாரி எழுத்தில் என்ன சொன்னார் என்று முதலில் கேளுங்கள்.

வெளிநாட்டு ஏல விலையை எப்படிப் படிப்பது

ஏல விலை பயனற்றது அல்ல. எந்த மாதிரி அரிது, எது சாதாரணம் என்ற வரிசையை அது சரியாகச் சொல்லும். தொகையைத்தான் அப்படியே எடுக்கக் கூடாது.

விற்பவர் கேட்கும் விலையையும் விற்று முடிந்த விலையையும் பிரித்துப் பாருங்கள். முடிந்த விலையிலும் ஏல நிறுவனத்தின் கூலி தனி. வாங்குபவர் பல இடங்களில் 20 முதல் 25 சதவீதம் மேலே தர வேண்டும். சில பட்டியல்கள் அதைச் சேர்த்துச் சொல்லும், சில சேர்க்காது.

அந்த ஊர்ச் சட்டமும் விலைக்குள் ஒளிந்திருக்கும். அமெரிக்காவில் 1898 வரை தயாரானவை கூட்டாட்சிச் சட்டப்படி பழம்பொருள் என்று கணக்காகும், தொந்தரவில்லாமல் கைமாறும். ஆகவே 1897இல் செய்த ரிவால்வர், 1900இல் செய்த அதே மாதிரியைவிட அங்கே விலை கூடும். அந்தக் கூடுதல் இங்கே நமக்கு ஒன்றும் இல்லை.

'நாமே அங்கே அனுப்பி விற்றால் என்ன?' என்ற கேள்விக்கும் சட்டம் குறுக்கே நிற்கிறது. நூறு ஆண்டு கடந்த பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் தொல்பொருள் ஆகிவிடலாம்; அதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. 1917 முத்திரையுள்ள மார்க் 6 நூறைத் தாண்டிவிட்டது. நூறு ஆகாததற்கும் ஆயுத ஏற்றுமதி உரிமம் வேண்டும். மலையில் இருக்கும் வெப்லியின் விலை மலையில்தான் முடிவாக வேண்டும்.

எந்த .32?

வாங்கத் தகுந்த போர் என்று தெரிந்த பிறகு, தோட்டா கிடைக்குமா என்று பாருங்கள். இந்தியாவில் தயாராகிச் சுலபமாகக் கிடைக்கும் ரிவால்வர் தோட்டா .32 ஸ்மித் அன்ட் வெஸ்ஸன் லாங். மில்லிமீட்டர் கணக்கில் 7.65 × 23. இதற்கான ரிவால்வருக்குத்தான் முழு விலை. பழைய மடிப்பு ரிவால்வர்கள் பலவற்றின் சிலிண்டர் குட்டையானது, அவை .32இன் குட்டைத் தோட்டாவுக்குச் செய்தவை, லாங் உள்ளே போகாது. கோல்ட் செய்த சில ரிவால்வர்கள் .32-20 என்ற வேறு தோட்டாவுக்கானவை. அவற்றுக்கு இங்கே கடைகளில் தோட்டா தேடுவது வீண். உரிமப் புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் '.32' என்றுதான் எழுதியிருக்கும். பேரலில் பொறித்திருப்பதைப் படியுங்கள். புத்தகத்தில் வெறும் '.38' என்று இருந்தால் அது தடை செய்யப்பட்ட .380ஆகவும் இருக்கலாம்; அங்கேயே நிறுத்தி, எந்த .38 என்று உரிம அலுவலகத்திலோ கடையிலோ தெளிவுபடுத்திக்கொண்ட பிறகுதான் விலை.

கையில் எடுத்துப் பார்க்கும் முறை

பரிசோதனைக்கு நல்ல இடம் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை. உரிமதாரர் உடன் இருக்கட்டும். சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு அறையும் காலி என்று இரண்டு பேர் பார்த்த பிறகுதான் மற்றது. ஒரு சிறு டார்ச், பூதக்கண்ணாடி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் போதும். பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் எண்கள், பிறகு மேற்பூச்சு, கடைசியில்தான் இயக்கம்.

*எண்கள்.* வெப்லியில் ஃபிரேம் (உடற்சட்டம்), சிலிண்டர், பேரல் மூன்றிலும் எண் இருக்கும். ஸ்மித் அன்ட் வெஸ்ஸனில் கைப்பிடியின் அடிப்பகுதி, சிலிண்டரின் பின்முகம், பேரலின் அடிப்புறம் ஆகிய இடங்களில் பாருங்கள். எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண்ணும் உரிமப் புத்தகத்து எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். 3ஐ 8 என்று நாற்பது வருடத்துக்கு முன் யாரோ எழுதியிருந்தாலும் பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். எண் இருந்த இடம் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால் என்ன விலை சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

*மேற்பூச்சு.* சேகரிப்பு மதிப்பில் பாதி இங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலையில் ஏற்றிய நீலப்பூச்சு எவ்வளவு மிச்சம் என்பதைச் சதவீதமாகச் சொல்வது உலக வழக்கம். அமெரிக்க ரைஃபிள் சங்கத்தின் பழம்பொருள் அளவுகோலில், எல்லா உறுப்பும் அசலாக இருந்து பூச்சு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மிகச் சிறப்பு, 30க்கு மேல் சிறப்பு, அதற்குக் கீழே மிக நன்று. புதிதாகப் பளபளப்பது நல்ல அடையாளம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மறுபடி பூச்சு ஏற்றியதைக் காட்டிக்கொடுப்பவை: கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்புகள் மழுங்கியிருக்கும், எழுத்துகளின் கரை கரைந்திருக்கும், திருகு ஓட்டைகளைச் சுற்றித் தட்டுபோல் குழிந்திருக்கும், துருக்குழியின் உள்ளேயும் நீலம் ஏறியிருக்கும். ஈரத்துக்குப் பயந்து நிக்கல் ஏற்றிய ரிவால்வர்கள் நம் பக்கம் நிறைய. ஸ்மித் அன்ட் வெஸ்ஸன் தொழிற்சாலை நிக்கல் பூசியபோது ஹேமரையும் (தோட்டாவை அடிக்கும் சுத்தி) ட்ரிகரையும் (விரலால் இழுக்கும் விசை) பூசாமல் விட்டது. அவையும் சேர்ந்து வெள்ளையாக மின்னினால் பிற்கால வேலை.

*கைப்பிடி.* மார்க் 6இன் கைப்பிடித் தகடு வல்கனைட் என்ற கெட்டி ரப்பர்; கறுப்பு, வெயில் பட்டால் பழுப்பேறும். தேக்கிலோ ஈட்டியிலோ அழகாகச் செதுக்கிய தகடு இருந்தால் அது இங்கே யாரோ ஆசாரி செய்தது. வேலை நன்றாக இருக்கலாம், சேகரிப்பு மதிப்பு குறையும்.

*இயக்கம்.* ஹேமரை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். அது முழுவதும் பின்வாங்கி நிற்கும் முன்பே, நிற்கும் அந்தக் கணத்திலாவது, சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியே பாருங்கள். ஒரே ஒரு அறை பிந்துவது அடிக்கடி நடக்கும், விற்பவருக்கே தெரியாது. சிலிண்டரை முன்பின்னாக அசைத்துப் பாருங்கள், பக்கவாட்டில் திருகிப் பாருங்கள். லேசான அசைவு பரவாயில்லை, டக் டக்கென்று ஆடினால் தேய்மானம். சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடையிலுள்ள இடைவெளி 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது, 0.25ஐத் தாண்டினால் விலையில் கழியுங்கள். ஹேமர் பின்னால் நிற்கும்போது கட்டைவிரலால் முன்னே தள்ளினால் விழக் கூடாது. விழுந்தால் அது ஆபத்தான துப்பாக்கி. மடிப்பு ரிவால்வரில் கூடுதலாக ஒன்று: கொக்கியைப் பூட்டிவிட்டுப் பேரலை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் கீலும் கொக்கியும் தேய்ந்தவை; சரிசெய்யத் தெரிந்த கைகள் குறைவு, உறுப்பு கிடைப்பதில்லை.

என்ஃபீல்டில் 1942இல் வந்த இரண்டு நட்சத்திர மாதிரியில் ஹேமர் தடுப்பை எடுத்துவிட்டார்கள். கீழே விழுந்தால் வெடிக்கக்கூடியது என்று பிறகு ராணுவமே திரும்ப வாங்கித் திருத்தியது. திருத்தப்படாமல் தப்பியது சேகரிப்பவருக்கு அரிது. மற்றவர் கையில் இருக்கக் கூடாது.

மலை ஈரம் செய்யும் வேலை

சமவெளியில் வளர்ந்த ரிவால்வரும் கூடலூரில் வளர்ந்த ரிவால்வரும் ஒன்றல்ல. கூடலூர்ப் பக்கம் ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை, குன்னூர் கோத்தகிரிப் பக்கம் அக்டோபருக்கு மேல் வடகிழக்கு மழை, உதகையில் பனிமூட்டம். இதில் இரும்பு சும்மா இருப்பதில்லை.

துருவைப் பெரிதும் வளர்ப்பது தோல் உறைதான். பதனிட்ட தோல் ஈரத்தையும் உப்பையும் பிடித்துவைக்கும். உறைக்குள்ளேயே பல ஆண்டு கிடந்த ரிவால்வரில், தோல் ஒட்டியிருந்த பக்கம் மட்டும் ஊசி குத்தியதுபோல் குழிகள் இருக்கும். ஆகவே உறையோடு காட்டினால் உறையைக் கழற்றி இரண்டு பக்கமும் பாருங்கள். உறைக்கும் தனி மதிப்பு உண்டு என்பது உண்மை. ராணுவ முத்திரையும் ஆண்டும் இருந்தால் அதைத் தனியே கணக்கிடலாம்.

பேரலுக்குள் துரு வேறு கதை. பழைய தோட்டாக்களின் எரியூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாகிப் பேரலுக்குள் படியும். சாப்பாட்டு உப்பின் குணம்தான் அதற்கும்: காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். எண்ணெய் தடவினால் போகாது, வெந்நீர் ஊற்றித்தான் கழுவ வேண்டும். அருவங்காடு தொழிற்சாலை கார்டைட் வெடிமருந்தைச் செய்யத் தொடங்கிய காலத்துத் தோட்டாக்கள் எல்லாம் இந்த எரியூட்டியோடு வந்தவைதான். மாலையில் சுட்டுவிட்டு, எண்ணெய்த் துணியை மட்டும் விட்டு எடுத்துப் பீரோவில் வைத்த துப்பாக்கிக்கு இந்த மலையில் ஒரு மழைக்காலம் போதும். டார்ச் வைத்துப் பாருங்கள். உட்சுவரில் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்கள் கூர்மையாக இருந்து லேசாக மங்கியிருந்தால் குறை இல்லை. பள்ளத்தின் மேடுகள் அரிக்கப்பட்டிருந்தால் சுடுபவருக்கு மதிப்பு இறங்கும். பேரலின் நடுவே வளையம்போல் ஒரு நிழல் தெரிந்தால், அடைப்பு இருக்கும்போது சுட்டுக் குழல் வீங்கியிருக்கிறது. அப்படியானதை வாங்கவே வேண்டாம்.

துருவைத் தேய்த்து அழகாக்கிக் காட்டியதைவிடத் துருவோடு காட்டியதே மேல். நின்றுபோன பழுப்புத் துரு நேர்மையானது. எமரித்தாள் பட்ட இடத்தை யாராலும் மீட்க முடியாது.

பெயரும் முத்திரையும்

'வெப்லி' என்ற சொல்லை மூன்று வேறு பொருள்களுக்குச் சொல்கிறார்கள், மூன்றுக்கும் விலை வேறு.

1. பர்மிங்காமில் செய்த அசல் வெப்லி. 'பி. வெப்லி அன்ட் சன்' என்றிருந்தால் 1897க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் நிறுவனங்கள் இணைந்து வெப்லி அன்ட் ஸ்காட் ஆயின. மார்க் 6இல் தயாரித்த ஆண்டும் பொறித்திருக்கும். 1921 முதல் அதை என்ஃபீல்டு அரசு ஆலை செய்தது.

2. கான்பூரின் அரசு ஆயுத ஆலை செய்த .32. இதன் அமைப்பு வெப்லி மார்க் 4ஐத் தழுவியது, பார்வைக்கு அப்படியே இருக்கும். நல்ல துப்பாக்கிதான், பழம்பொருள் அல்ல. ஆலையின் முத்திரையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

3. உத்தரப் பிரதேசம் சண்டிலாவில் 2020 முதல் வெப்லி அன்ட் ஸ்காட் பெயரில் தயாராகும் புதிய .32. பெயர் அசல், வயது இல்லை.

இவற்றோடு பெல்ஜியத்தின் லீஜ் நகரத்து நகல்களும் உண்டு, நீள்வட்டத்துக்குள் 'ஈ.எல்.ஜி.' என்ற சோதனை முத்திரை அவற்றின் அடையாளம். கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறை நகல்களில் எழுத்துப்பிழை இருக்கும், ஆங்கில எழுத்து தலைகீழாகத் திரும்பியிருக்கும், கோடுகள் நேராக இருக்காது. அவற்றின் இரும்பை நம்ப முடியாது. ஆனால் பிரிட்டன் 1915-16இல் ஸ்பெயினின் எய்பாரில் வாங்கிய ரிவால்வர்களை நகல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவை முறைப்படி ராணுவத்தில் இருந்தவை.

அகன்ற அம்பு முத்திரை அரசு உடைமை என்பதன் அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை சேர்ந்திருந்தால் படையிலிருந்து முறையாக விற்கப்பட்டது. அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கியவற்றில் கடைப் பெயர் இருக்கும்: லண்டனின் ஆர்மி அன்ட் நேவி, கல்கத்தாவின் மான்டன், ராடா. இவை சேகரிப்பு மதிப்பைக் கூட்டும். 'கவர்னர் வைத்திருந்தது' என்ற வாய்வார்த்தை கூட்டாது. பெயர் பொறிப்பு, பழைய உரிமம், விற்பனை ரசீது மூன்றில் ஒன்றாவது இருந்தால்தான் அதற்கு விலை. பெட்டியோடு வந்தால், உள்ளே உள்ள துணிப் பள்ளத்தில் ரிவால்வர் அழுந்திய தடம் அதே உருவமா என்று பாருங்கள். வேறு துப்பாக்கியின் பெட்டியில் இதை வைத்து ஜோடி சேர்ப்பது பழைய வேலை.

கணக்கு

ஒரே குறைக்கு இரண்டு வகை வாங்குபவர்களும் வேறு வேறு தொகை கழிப்பார்கள். ஓர் எடுத்துக்காட்டு: வெளிநாட்டு .32, எண்கள் பொருந்துகின்றன, பேரல் நல்லது, பூச்சு மறுபடி ஏற்றியது, கைப்பிடி மாற்றியது, ஓர் அறையில் பூட்டு பிந்துகிறது. குறையில்லாத அதே மாதிரி சமீபத்தில் விற்ற விலையை 100 என்று வைப்போம். கீழே உள்ள விகிதங்கள் கைக்கணக்கு. துப்பாக்கியைப் பார்த்துச் சற்றே கூட்டிக் குறைக்கலாம்.

சேகரிப்பவர்: பூச்சுக்காக 100 × 0.6 = 60. கைப்பிடிக்காக 60 × 0.9 = 54. பழுதுக்கு 5 கழித்தால் 49.

பயன்படுத்துபவர்: பூச்சுக்காக 100 × 0.9 = 90. கைப்பிடிக்குக் கழிவில்லை. பழுதுக்கு 5, உறுப்பு கிடைக்காமல் போகும் அபாயத்துக்கு 10. மிச்சம் 75.

விற்பவர் 100 கேட்பார். சேகரிப்பதற்காக வாங்குபவர் 75 கொடுத்தாலும் அது அவருக்கு அதிக விலைதான், திரும்ப விற்கும்போது பயன்படுத்தும் ஒருவர் வந்தால்தான் காசு தேறும். பேரல் அரித்து, பூச்சு அசலாக இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும்.

அந்த 100ஐக் கண்டுபிடிப்பதுதான் கடினமான வேலை. கீழ் எல்லை, இன்று புதிதாகக் கிடைக்கும் இந்திய .32இன் கடை விலை. 2014இல் வந்த நிர்பீக் ரிவால்வரே ஏறத்தாழ 1.22 லட்சம் ரூபாய்க்கு அறிமுகமானது. இன்றைய விலையைக் கடையில் எழுதி வாங்குங்கள். மேல் எல்லைக்குக் கோவையிலும் சென்னையிலும் குறைந்தது மூன்று கடைகளில், இதே நிறுவனம், இதே போர், இதே பேரல் நீளம் என்று கேளுங்கள். கேட்கும் விலையை விட்டுவிடுங்கள், கடைசியாக எவ்வளவுக்குக் கைமாறியது என்பதே வேண்டும். மூன்றில் ஒன்று மட்டும் மிக உயர்ந்திருந்தால் அதை எடுக்காதீர்கள்.

பணம் கைமாறும் வரிசை

1. உங்கள் உரிமத்தில் ரிவால்வருக்கு இடம் இருக்கிறதா, இரண்டு என்ற எல்லைக்குள் வருகிறீர்களா, யு.ஐ.என். என்ற தனி அடையாள எண் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கவும்.

2. விற்பவரின் உரிமம் நடப்பில் உள்ளதா என்று பார்க்கவும். உரிமதாரர் இறந்திருந்தால், வாரிசு அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்த ரசீது வேண்டும். வீட்டிலேயே வைத்துக்கொண்டு விலை பேசுபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

3. கடையில் பல ஆண்டு கிடந்திருந்தால் வைப்புக் கட்டணம் ஏறியிருக்கும். அதை யார் கட்டுவது என்பதை விலையோடு சேர்த்தே பேசவும்.

4. தனியாரிடம் வாங்கினால், விற்கும் எண்ணத்தை விற்பவர் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிய வேண்டும். பேசிய விலையில் ஒரு சிறு பகுதியை மட்டும் முன்பணமாக, காசோலையில், எண்ணைக் குறிப்பிட்ட ரசீதோடு கொடுக்கவும். அனுமதி மறுக்கப்பட்டால் முழுதும் திரும்ப வரும் என்று அந்த ரசீதிலேயே எழுதி வாங்கவும்.

5. மீதித் தொகை, உங்கள் உரிமத்தில் எண் ஏறிய நாளில். அதற்கு முன் ரிவால்வரை உங்கள் வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது, பழுது பார்க்கவும் கொடுக்கக் கூடாது. பழுது வேலை உரிமம் பெற்ற பட்டறையில்தான். மேற்பூச்சைத் தொட வேண்டாம் என்று வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் பல இடங்களில் பாலிஷ் போட்டுத்தான் திருப்பித் தருவார்கள்.